நாலு இடத்தில் நாலு பிரஷர்: எதை நம்புவது?

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். என் கணவருக்கு வயது 56, கொஞ்சம் கனத்த உடம்பு. சர்க்கரை இல்லை. ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைக் கட்டி, பிரஷர் 130/80 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று எனக்கும், என் நாத்தனாருக்கும்கூட அதே 130/80தான். ஒரு மாதம் கழித்துத் தலைவலி என்று டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடித்துவிட்டு, மேட்டில் ஏறிப் போனதும் கூப்பிட்டுவிட்டார்கள். 168/98 என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். திரும்பும்போது மருந்துக்கடையில் மணிக்கட்டில் கட்டும் மெஷினில் 150/90. கோவையில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துப் பார்த்தோம். முதலில் 156/94, உடனே பார்த்தால் 147/90, மறுபடி 139/86. "மெஷினே பொய் சொல்லுது" என்று சொல்லி, நாலு நாள் சாப்பிட்ட மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன், "இதெல்லாம் கீழ்நாட்டுக்குச் செய்த மெஷின், மலையில் சரியாகக் காட்டாது" என்கிறார். நாங்கள் எதை நம்புவது? மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கணவருக்கு வந்த சந்தேகம் நியாயமானது. ஆனால் அதை வைத்து அவர் எடுத்த முடிவு சரியில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளில் ஒன்றைக்கூட "இதுதான் இவருடைய பிரஷர்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே சமயம், இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது "இவருக்கு ஒன்றும் இல்லை" என்றும் சொல்ல முடியவில்லை. சரியாக அளந்தாலும் இவருக்கு அளவு கூடுதலாகத்தான் இருக்கும் என்றே நினைக்கிறேன். எவ்வளவு கூடுதல், மாத்திரை வேண்டுமா, எந்த அளவில் வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு எண்கள் வேண்டும். அவற்றை உங்கள் வீட்டிலேயே, ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம்.

முதலில் அந்தத் தலைவலியைப் பற்றி. பிரஷர் ஏறினால் தலை வலிக்கும், கழுத்து இறுகும், கோபம் வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். 168 என்ற அளவில் பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது. மேட்டில் ஏறுவார், கொழுந்து மூட்டை தூக்குவார், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவார். ரத்தக்குழாய்களும் சிறுநீரகமும் இதயமும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உலகில் 128 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. உடம்பு சொல்லாத விஷயம் இது. நமக்குத் தெரியவருவதே அந்த எண்ணைக் கொண்டுதான். அதனால்தான் அளக்கும் முறையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

ஐந்து பத்து முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். 40 முதல் 69 வயது உள்ளவர்களுக்கு, 115/75க்கு மேல் போகும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 கூடும் ஒவ்வொரு முறையும், மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது. 2002இல் பத்து லட்சம் பேருடைய விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக் கண்டது இது. மறுபக்கம், மருந்தால் மேல் அளவை வெறும் 5 குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பெரிய ஆபத்துகள் சுமார் பத்து சதவீதம் குறைகின்றன என்று 2021இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு காட்டியது. அப்படியிருக்க, அளக்கும்போதே 10, 15 தவறினால் சிகிச்சையே தலைகீழாகிவிடும். குறைவாகக் காட்டினால் மாத்திரை தேவைப்படுகிறவர் மாத்திரை இல்லாமல் வருடக்கணக்கில் இருப்பார். கூடுதலாகக் காட்டினால் தேவையில்லாத மருந்தோ, தேவைக்கு மேல் மருந்தோ சாப்பிட்டு, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். நம் ஊர்ப் படிக்கட்டுகளிலும் தோட்டத்துச் சரிவுகளிலும் தலைசுற்றி விழுவது சின்ன விஷயம் இல்லை. வயதானவர்கள் இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் பழைய மாதிரி நடமாடுவது கடினம்.

சரி, உங்கள் கணவருடைய எண்களுக்கு வருவோம்.

முகாமில் எழுதிய 130/80ஐ நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் கட்டினால் பட்டையின் அழுத்தம் கைக்குச் சரியாகப் போய்ச் சேராது. கம்பளித் துணியின் தடிப்பைப் பொறுத்து எவ்வளவு தவறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. கையால் பம்ப் அடித்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். ஒழுங்காகப் பார்த்தால் 134, 126, 88 என்று பலவிதமாக வர வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே 130/80 வந்தது என்றால், அவசரத்தில் யாரோ பூஜ்யத்தில் முடியும் பக்கத்து எண்ணுக்கு ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள். முகாமில் வரிசை நீளம், ஆட்கள் குறைவு, எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இது எனக்கு வருத்தம் தரும் பழக்கம். "போன மாதம் நார்மல்னு சொன்னாங்களே" என்று அந்தச் சீட்டைக் காட்டி, வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே வைத்திருக்கும் முள் வகைக் கருவி ஒருமுறை கீழே விழுந்தாலே கணக்குத் தவறும். காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் அந்தக் கருவியை நம்ப வேண்டாம்.

கிளினிக்கில் வந்த 168/98 உண்மையான எண்தான், ஆனால் அது அந்த நிமிடத்தின் எண். பஸ் பயணம், மேடு, டீ, உட்கார்ந்து ஓய்வெடுக்க நேரமில்லை. அநேகமாகச் சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருந்திருப்பார், நம் ஊர்ப் பஸ் நிலையங்களின் நிலைமை தெரிந்ததுதானே. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலே மேல் அளவு பத்துக்கு மேலும் கூடலாம். அளக்கும்போது "எப்போதிருந்து வலிக்கிறது" என்று மருத்துவர் கேட்டு, இவர் பதில் சொல்லியிருந்தால் அதற்கும் சில புள்ளிகள் ஏறும். சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார்வதும், கால் மேல் கால் போடுவதும் அப்படித்தான். இவற்றோடு மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு வரும் படபடப்பு வேறு. வீட்டில் சரியாக இருந்து மருத்துவரிடம் மட்டும் ஏறும் இந்த வகைக்கு வெள்ளைக் கோட்டு பிரஷர் என்று பெயர். இதற்கு நேர்மாறானதும் உண்டு. மருத்துவரிடம் சரியாகக் காட்டி, வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறியிருக்கும் மறைந்த பிரஷர். இது மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டையும் வீட்டு அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்துக்கடை அளவை விட்டுவிடலாம். மணிக்கட்டு மெஷினில், மணிக்கட்டு நெஞ்சு மட்டத்துக்கு மேலே கீழே கொஞ்சம் நகர்ந்தாலும் எண் மாறிவிடும். கையின் சுற்றளவு மிகப் பெரிதாக இருந்து, மேற்கைக்குப் பட்டையே கிடைக்காதவர்களுக்கு மட்டும்தான் நான் அதைச் சொல்வேன்.

வீட்டு மெஷினுக்கு வருகிறேன். உங்கள் மகன் நல்ல காரியம் செய்திருக்கிறார். மெஷின் பொய் சொல்லவில்லை, கேட்ட விதம்தான் சரியில்லை. நீங்கள் எழுதியதிலிருந்தே நாலு விஷயம் எனக்குத் தெரிகிறது.

கையை மடியில் வைத்திருக்கிறார். பட்டை கட்டிய இடம் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் அந்த உயரத்து ரத்தத்தின் எடையே சுமார் 8 புள்ளியைக் கூட்டிவிடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் இதை அளந்தே காட்டினார்கள். கையை மேசைமேல் வைப்பதைவிட மடியில் வைத்தால் மேல் அளவும் கீழ் அளவும் ஏறக்குறைய 4 கூடின, பக்கத்தில் தொங்கவிட்டால் மேல் அளவு 6க்கு மேல் கூடியது. எல்லைக்கோட்டில் இருக்கும் ஒருவரை நோயாளி ஆக்க இது போதும்.

உடம்பு கனம் என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான். தையல்கார டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அவர் கையை அளந்து பாருங்கள். பட்டையின் மேலேயே அதன் அளவு அச்சிட்டிருக்கும். கை அதற்கு மேல் இருந்தால் பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும். இதை மக்கள் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள், ஆனால் மற்ற எல்லாப் பிழையையும்விட இது பெரிது. அதே ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டதில், பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சுமார் 5 கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு ஏறக்குறைய 20 கூடுதல். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைத்துக் காட்டும்.

மூன்றாவது குளிர். காலையில் எழுந்ததும், கட்டிலில், நீலகிரியில். குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். மெஷினுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக் கருவிகளின் கையேட்டில் 10 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் நம் வீடுகளுக்குள் விடியற்காலையில் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்படிப் பக்கத்து அறை, கொஞ்சம் வெயில் வந்த பிறகு கூடம், இப்படி ஓரளவு கதகதப்பான இடமாகப் பார்த்து அளங்கள். ஆனால் கதகதப்புக்கு என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு மணமே இல்லாமல் உயிரை எடுக்கும். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டு பட்டை கட்டுவதும் கூடாது, அந்தச் சுருட்டே கையை இறுக்கிவிடும். ஸ்வெட்டரிலிருந்து ஒரு கையை மட்டும் முழுதாக வெளியே எடுத்துவிட்டு, தோளில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொள்ளட்டும்.

நாலாவது, 156, 147, 139 என்று இறங்கியது. இதைப் பார்த்துத்தான் அவர் நம்பிக்கை இழந்தார் என்று நினைக்கிறேன். ரத்த அழுத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும். ஏணிப்படி ஏறினால் ஏறும், தூங்கினால் இறங்கும், கோபத்தில் ஏறும். உட்கார்ந்ததும் முதலில் எடுக்கும் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வரும், அமைதியாக ஆக இறங்கும். மாறாமல் ஒரே எண்ணையே காட்டும் மெஷின் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். நமக்கு வேண்டியது ஓர் எண் அல்ல, பல எண்களின் சராசரி.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதற்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை மலையில் நிறையப் பேர் கேட்கிறார்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். ஆனால் பிரஷர் மெஷின் காட்டுவது, வெளிக்காற்றைவிட உங்கள் ரத்தக்குழாய்க்குள் எவ்வளவு அதிகம் என்ற வித்தியாசத்தை. பட்டைக்கு வெளியேயும் அதே மலைக்காற்று, உங்கள் உடம்பைச் சுற்றியும் அதே மலைக்காற்று. அதனால் உயரம் கணக்கைக் கெடுப்பதில்லை. சில கம்பெனிகளின் கையேட்டில் காற்றழுத்தத்துக்கும் 800 ஹெக்டோபாஸ்கல் என்று அடிவரம்பு இருக்கும். கோத்தகிரியும் குன்னூரும் அதற்குள் வந்துவிடும், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டி கொஞ்சம் வெளியே போகும். அந்த வரம்புவரை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள், வெளியே போனால் தப்பாகக் காட்டும் என்று அல்ல. சந்தேகம் இருந்தால் மெஷினை மருத்துவரிடம் எடுத்துப் போய், அங்கேயுள்ள கருவியோடு ஒப்பிட்டுவிடலாம். அப்புறம், மலையில் இருப்பதாலேயே பிரஷர் ஏறாதா என்றும் கேட்பார்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேல் புதிதாகப் போகிறவர்களுக்கு ஏறும். நம் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய காரணமே இல்லை. உயரத்தைவிடக் குளிரும் உப்பும்தான் இங்கே முக்கியம்.

இனி அந்த ஒரு வாரம். காலையில் அவர் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கு முன்னால், சாப்பாட்டுக்கு முன்னால், மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் மாத்திரைக்கும் முன்னால் அளக்க வேண்டும். எழுந்ததும் டீ இல்லாமல் முடியாது என்பார். அரை மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும் என்று சொல்லுங்கள். பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் அந்த அரை மணி நேரக் கணக்கு உண்டு. சாய்மானம் உள்ள நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரட்டும். தரை சில்லென்று இருந்தால் ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். முழங்கையைச் சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். மேசை தாழ்வாக இருந்தால் கையின் அடியில் ஒரு தலையணை வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை. உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கம். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். செல்போன் வேண்டாம், டிவி செய்தி வேண்டாம், தேயிலை விலையைப் பற்றிப் பேச்சு வேண்டவே வேண்டாம். நீங்களும் அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். பட்டனை அழுத்தி ஒன்று, ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று, இரண்டையும் தேதி நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். மெஷின் என்ன காட்டுகிறதோ அதையே எழுத வேண்டும், பிடிக்காத எண்ணை விட்டுவிடக் கூடாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடியும் இதே மாதிரி இரண்டு.

ஏழு நாள் இப்படிச் செய்தால் 28 ஜோடி எண்கள் கிடைக்கும். முதல் நாளின் நாலையும் விட்டுவிடுங்கள், அன்று புதுமையும் பதற்றமும் இருக்கும். மிச்சம் 24ஐயும் கூட்டி, மேல் அளவுக்கு ஒரு சராசரி, கீழ் அளவுக்கு ஒரு சராசரி. முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே வாரம் முழுக்கத் தொடருங்கள். இரண்டுக்கும் 10, 15க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. மெஷின் அடிக்கடி "எரர்" காட்டினாலோ, ஒழுங்கில்லாத துடிப்பு என்ற அடையாளம் வந்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின்கள் பட்டைக்குள் வரும் துடிப்பின் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுபவை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் அந்தக் கணக்கு தவறும், அப்போது ஈசிஜி எடுக்க வேண்டும்.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் 140/90க்குச் சமமான வீட்டு அளவு இது. அமெரிக்காவில் 2017 முதல் 130/80ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள், அதனால் இணையத்தில் படிக்கும்போது குழப்பம் வரலாம். நம் நாட்டில் பெரும்பாலும் 140/90தான் வழக்கம். எல்லையை ஒட்டி வந்து முடிவு சொல்ல முடியாமல் இருந்தால், 24 மணி நேரமும் உடம்பில் கட்டிக்கொண்டு தானாக அளக்கும் கருவி இருக்கிறது. கோவையில் அதைச் செய்துகொள்ளலாம், எல்லோருக்கும் தேவைப்படாது.

மாத்திரையைப் பற்றி. அதை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டு, நாலு நாளில் நிறுத்திவிட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "ஒரு வாரம் வீட்டில் முறையாக அளந்து கொண்டுவரலாமா, அதுவரை மாத்திரையை என்ன செய்வது" என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் சந்தோஷப்படுவார்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ ஏற்கெனவே இருந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் முழு வேலையையும் காட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எண் குறைந்துவிட்டது என்று நிறுத்துவதும் தவறு, மாத்திரையால்தான் அது குறைந்திருக்கும்.

ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா என்றால், நேராகவே சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவதால் அல்ல, பிரஷர் என்பது தீர்ந்துபோகும் காய்ச்சல் இல்லை என்பதால். எடை நன்றாகக் குறைந்து, உப்பும் மதுவும் குறைந்து, தினமும் நடக்கிறவர்களில் சிலருக்கு மாத்திரையைக் குறைக்க முடிகிறது, சிலருக்கு நிறுத்தவும் முடிகிறது. மருத்துவர் பார்த்துப் படிப்படியாகச் செய்ய வேண்டியது அது. அதற்கும் இந்த வீட்டு நோட்டுத்தான் ஆதாரம். குளிர்காலத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறும், கோடையில் கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கிப் பத்து நாள் தங்கினால் வெயிலில் இறங்கும். கீழே போனபோது தலைசுற்றல் வந்தால், உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 குறைந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

தலைவலி என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு என்ன மாத்திரை சாப்பிட்டார்? இதை அவசியம் விசாரியுங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், அதுவும் ஏற்றும். நம் குளிரில் வருடத்தில் பாதி நாள் சளி, இருமல்தான். இருமலுக்கு அதிமதுரம் நல்லது என்று தினமும் வாயில் போட்டு மெல்லுகிறவர்கள் இங்கே உண்டு. நாட்கணக்கில் தொடர்ந்தால் அது பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தையும் குறைத்துவிடும். இது பலருக்குத் தெரியாது. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர், டீக்கு வர்க்கி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சமையலில் போடுவதற்கு முன்பே பாதி போயிருக்கும்.

அளக்கும்போது எப்போதாவது மேலே 180, கீழே 120 என்ற அளவைத் தாண்டினால் பதற வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண் மட்டும் அப்படியே நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீரெனப் பார்வை மங்குதல், இவற்றில் ஒன்று இருந்தால் எண் எதுவானாலும் சரி, மறுபடி அளந்துகொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்பதால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

வாரம் முடிந்ததும் நோட்டையும் மெஷினையும் பட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்த எண்கள் இதுவரை உறுப்புகளில் ஏதாவது செய்திருக்கிறதா என்று அவைதான் காட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளையும் வீட்டில் தருகிறார்கள். அந்தப் பெண் தன்னார்வலர் வரும்போது கணவர் தோட்டத்திலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து கையை நீட்ட வேண்டாம், ஐந்து நிமிடம் உட்காரட்டும். ஸ்வெட்டரைக் கழற்றுவதற்கு அந்தப் பெண் காத்திருப்பார், கேட்டால் போதும்.

கடைசியாக, அந்த முகாமில் உங்களுக்கும் 130/80 என்று எழுதினார்கள் என்கிறீர்கள். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை, உங்கள் பிரஷரைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவும் இல்லை. அவர் எழுந்த அதே நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்து, அந்த வாரம் முழுக்க உங்களுக்கும் அளந்து, நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் கைச் சுற்றளவையும் டேப்பில் அளந்துவிடுங்கள். அவருக்குப் பெரிய பட்டை வாங்க நேர்ந்தால், மெஷினோடு வந்த பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் கைக்கு அதுவே சரியாக இருக்கலாம்.